பங்குனித் தளிர்: நெல்லைச் சீமையின் இளவேனில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், கால்வாய்க் கரையை ஒட்டி எங்கள் தோட்டம் இருக்கிறது. புறவாசலைத் திறந்தால் தோட்டம். அதைத் தாண்டினால் வயல், வயலுக்கு அந்தப் பக்கம் சாஸ்தா கோவில் காடு, அதற்கும் மேற்கே பொதிகை மலை. மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடிய இந்த வழியில் நடக்கிறவர்கள், லீவுக்கு வருகிற சொந்தக்காரர்கள், தெருப்பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்ம ஊருக்கு வசந்தம் என்று ஒன்று உண்டா? பனி போனதும் நேரே வெயில்தானே?

உண்டு. ஆனால் உடம்புக்கு அது தெரியாது. திருநெல்வேலியில் மார்ச் மாதத்திலேயே வெயில் 35 டிகிரியைத் தாண்டிவிடும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே “இதுவா வசந்தம்?” என்று கேட்பதில் தப்பில்லை. மரங்களைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஐப்பசி மழையில் நட்ட பிசானப் போக நெல்லை அறுத்து, வைக்கோல் படப்பு போட்டு, வயல் வெறுமையாகக் கிடக்கும்போது ஒரு நாள் காலையில் புங்கை மரத்தடி முழுக்கப் பழுத்த இலையாகக் கிடக்கும். நாலைந்து நாளில் மரம் மொட்டை. அதற்கடுத்த வாரம் கிளைநுனியெல்லாம் எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு. பதினைந்தாம் நாள் அந்த மரத்தடியில் பாய் விரித்துப் படுக்கலாம், அவ்வளவு நிழல். இந்தப் பதினைந்து நாளைத்தான் நான் இளவேனில் என்பேன். மரத்துக்கு மரம் அது முன்னே பின்னே வரும் என்பதால், மொத்தத்தில் இரண்டு மாதத்துக்கு நீளும்.

இளவேனில் சித்திரை, வைகாசி என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? நீங்கள் மாசி, பங்குனி என்கிறீர்களே?

பழைய கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். அப்படி வகுத்தவர்கள் பார்க்காமல் சொல்லவில்லை. நம்முடைய மாதங்கள் நட்சத்திரங்களுக்கு நடுவே சூரியன் நிற்கும் இடத்தை வைத்துக் கணக்கிடப்படுபவை. பருவங்களோ பூமியின் சாய்வால் வருபவை. இந்த இரண்டு வகை ஆண்டுக்கும் சுமார் 20 நிமிடம் வித்தியாசம். 72 ஆண்டு சேர்ந்தால் அது ஒரு நாள் ஆகிவிடும். சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்பு, இரவும் பகலும் சமமாகிற நாளும் சித்திரை முதல் தேதியும் ஒன்றாக இருந்தன. இப்போது அந்தச் சமநாள் மார்ச் 20 வாக்கில், அதாவது பங்குனி பிறந்து ஒரு வாரத்திலேயே வந்துவிடுகிறது. சித்திரை பிறப்பதோ ஏப்ரல் 14. மரத்துக்குப் பஞ்சாங்கம் கிடையாது. பகல் நீளுவதைப் பார்த்து அது கிளம்பிவிடுகிறது. அன்றைய சித்திரைத் தளிரைத்தான் இன்றைக்கு நாம் பங்குனியில் பார்க்கிறோம்.

எந்த மரம் முதலில், எது கடைசியில்?

தோட்டத்தில் முதலில் கிளம்புவது மா. தையிலேயே பூத்துவிடும். கிட்டே போனால் ஈயின் ரீங்காரம் கேட்கும். அடுத்தது வேலியோரக் கல்யாண முருங்கை. இலையே இல்லாத கிளையில் சிவப்பாகப் பூத்து நிற்கும். அதே சமயத்தில் காட்டோரத்தில் முள்ளிலவும் இலையில்லாமல் பூக்கும். அதன் பூ தடித்துக் கனமாக இருப்பதால் விழும்போது சத்தமே கேட்கும். இந்த இரண்டு மரத்திலும் காலை ஏழு மணிக்கு மைனாவும் காக்கையும் தேன்சிட்டும் அணிலும் ஒன்றாகத் தேன் குடிப்பதைப் பார்க்கலாம்.

மாசிக் கடைசியில் குளத்தங்கரை அரசமரம் கொட்டும். அதன் தளிர் செம்பு நிறம், கொஞ்சம் காற்று அடித்தாலும் ஆடும். அப்புறம் புங்கை. பங்குனி நடுவில் புங்கைப் பூ உதிர ஆரம்பித்தால் மரத்தடியில் பொரி இறைத்தது போலக் கிடக்கும். எங்கள் ஆச்சி அந்த இடத்தை மட்டும் கூட்ட மாட்டாள். வேம்பும் அதே நேரத்தில்தான். வேம்பு பூத்திருப்பதை ராத்திரியில் வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இலுப்பை பங்குனியில் தளிர்க்கும். புளி காய் உலுக்கின பிறகு சித்திரையில் கொழுந்து விடும். சரக்கொன்றை சித்திரையில், வாகையும் அதை ஒட்டி.

ஆற்றங்கரை மருதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கால் தண்ணீரிலேயே இருப்பதாலோ என்னவோ, அதற்கு அவசரமே கிடையாது. பழைய பட்டை உரிந்து வெளுத்த அடிமரமும் மேலே இளம்பச்சைத் தளிருமாக அது நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் திருப்புடைமருதூருக்குப் போங்கள். ஊர்ப் பெயரிலேயே மருதம் இருக்கிறது. அங்குள்ள மரங்களும் பறவைகளும் 2005 முதல் பறவைகள் காப்பகமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

மழையே இல்லாத மாதத்தில் மரம் எப்படித் தளிர்க்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. செடிக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் துளிர்க்கும் என்று பழகிவிட்டோம். பெரிய மரங்களின் கணக்கு வேறு.

வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு நின்றுவிடும். அந்தத் தண்ணீர் மேல்மண்ணில் காய்ந்தாலும் ஆழத்தில் இருக்கிறது, மரத்தின் வேர் அங்கே போய்விட்டது. மரம் நீரை இழப்பது பெரும்பாலும் இலை வழியாகத்தான். பழைய இலையை மொத்தமாகக் கொட்டிவிட்டால் அந்தச் செலவு நிற்கிறது. வேர் இழுக்கும் நீர் தண்டிலும் கிளையிலும் சேர்ந்து மொட்டு உப்புகிறது. பகல் நீளுவதும் அதற்கு ஒரு அடையாளம். இன்னொரு லாபமும் உண்டு. மழைக்காலத்தில்தான் புழுவும் வண்டும் பெருகும். அதற்கு முன்பே தளிர்த்துவிட்டால், அவை வந்து சேர்வதற்குள் இலை முற்றித் தடித்துவிடும். சாரல் வரும்போது மரம் முழு இலையோடு தயாராக இருக்கும்.

ஆகவே பங்குனியில் மொட்டையாக நிற்கிற மரத்தைப் பட்டுப்போனது என்று வெட்டிவிடாதீர்கள். நகத்தால் கிளைப்பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடிருக்கிறது.

தளிர் ஏன் சிவப்பாக இருக்கிறது?

பச்சையம் நிறைவதற்கு முன்பு, செந்நிறமி ஒன்று இளம் இலையைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது. பூச்சிகளின் கண்ணுக்கும் சிவந்த தளிர் நல்ல தீனியாகத் தெரிவதில்லை என்கிறார்கள். ஒரு வாரத்தில் பச்சையாகிவிடும்.

இவ்வளவு சருகு விழுகிறதே, கூட்டி எரித்துவிடலாமா?

வேண்டாம். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வாசலையும் களத்தையும் கூட்டுங்கள். கூட்டியதை எரிக்காமல் மரத்தடியிலேயே, அடிமரத்தை ஒரு முழம் விட்டு, வட்டமாகப் போடுங்கள். நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு இருந்தால் மண் சூடேறாது. கத்தரிக்கும் வாழைக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் போதும். புங்கைச் சருகு சீக்கிரம் மக்கும், நல்ல தழையுரம். மாவிலை மெதுவாகத்தான் மக்கும், அதை வரப்போரத்தில் குவித்து வையுங்கள்.

சருகுக்குள் ஒரு ஊரே இருக்கிறது. மண்புழு, மரவட்டை, பிள்ளைப்பூச்சி, அரணை, அவற்றைத் தேடி வருகிற தவிட்டுக்குருவிக் கூட்டம். காலையில் ஏழெட்டுக் குருவி சேர்ந்து கத்திக்கொண்டே சருகைப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எரித்த தோட்டத்துக்கு அவை வருவதில்லை. கீழே சொல்லப்போகிற ஆறுமணிக்குருவியும் அப்படியே.

காட்டோரத் தோட்டம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பங்குனிக் காற்றில் ஒரு பொறி வயல் தாண்டிப் போய்விடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை.

விடியற்காலையில் கத்துவது ஆண் குயிலா, பெண் குயிலா?

ஆண். கரேலென்று, சிவந்த கண்ணோடு இருக்கும். ‘குக்கூ’ என்று ஒவ்வொன்றாகச் சுருதி ஏற்றிக்கொண்டே போவது அதுதான். பெண் குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடுமாக இருப்பதால் பலர் அதை வேறு ஏதோ பறவை என்று நினைத்துவிடுகிறார்கள். அது ‘கிக் கிக் கிக்’ என்று வேகமாகக் கத்தும். பாடுகிற பெண்ணைக் குயில் என்று சொல்லியே பழகிப்போனதால் இந்தக் குழப்பம்.

குயில் எங்கிருந்தோ இளவேனிலுக்கு மட்டும் வருவதில்லை. ஆண்டு முழுக்க இங்கேயே அத்திப்பழமும் வேப்பம்பழமும் தின்றுகொண்டு சத்தமில்லாமல் இருக்கும். மாசியில் வாய் திறக்கும். காக்கை கூடு கட்டுகிற காலமும் அதையொட்டியே வருகிறது. ஆண் குயில் கத்திக் காக்கையை இழுத்துக்கொண்டு பறக்க, பெண் போய்க் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிடும். எங்கள் தென்னையில் ஒரு காக்கை தன்னைவிட வேறு நிறத்தில் இருந்த குஞ்சுக்கு வாயில் சோறு வைத்ததைப் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயிலில் ‘டொக் டொக் டொக்’ என்று பாத்திரம் அடிப்பது போல ஒரு சத்தம் வருகிறதே?

செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரியது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. முருங்கையில் பட்ட கிளை இருந்தால் வெட்டாமல் விடுங்கள், அதில்தான் பொந்து குடையும்.

இளவேனிலில் பறவைகள் வருகின்றனவா, போகின்றனவா?

இரண்டும் நடக்கிறது. குளிருக்கு ஒதுங்க வடக்கேயிருந்து வந்தவை இப்போது திரும்புகின்றன. கால்வாய்க் கரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிய வாலாட்டிகள், மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்த நீலவால் பஞ்சுருட்டான்கள், சாயங்காலம் வானத்தில் கூட்டமாகச் சுழன்ற சூறைக்குருவிகள் எல்லாம் பங்குனிக்குள் குறைந்துவிடும்.

இவற்றில் எனக்கு உயிர் ஆறுமணிக்குருவி. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் சீட்டியடிப்பதால் இந்தப் பெயர். பச்சை முதுகு, நீலச் சிறகு, கண்ணோரம் கறுப்பு மை, அடிவயிறு சிவப்பு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி ஐப்பசி வாக்கில் இங்கே வந்து சேரும். பறந்து திரிவதைவிடத் தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டுவதுதான் அதிகம். எங்கள் தோட்டத்தில் கிணற்றடி எலுமிச்சைக்குக் கீழே வருஷா வருஷம் ஒன்று தங்கும். பங்குனியில் ஒரு நாள் ஆறு மணி ஆகும், சீட்டி கேட்காது. அப்போது கிளம்பிவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.

குஞ்சுகளோடு பறவைகளைப் பார்க்க ஆசையென்றால் திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கி.மீ. தூரத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டியிருக்கும். அவற்றின் எச்சம் விழுந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளிப் போடுவார்கள். பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. அங்கே போகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

மாம்பூ கொட்டிக்கொண்டே இருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், அதில் பெரும்பாலும் ஆண்பூ. கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல காய்ப்பு. ஆகவே பூ உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். இலையில் பிசுபிசுவென்று தேன்போல ஒட்டினால் அது தத்துப்பூச்சி. மொட்டு விரியும் முன்பே, சாயங்கால நேரத்தில், வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்க வேண்டும். பூ விரிந்த பிறகு எதையும் அடிக்காதீர்கள். மாவுக்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்களும் தேனீக்களும்தான், அவையும் செத்துவிடும். பூக்கும்போது தண்ணீரும் பாய்ச்ச வேண்டாம். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகு விடலாம். உதிர்கிற பிஞ்சை மாவடு போடுங்கள்.

இப்போது தோட்டத்தில் என்ன விதைக்கலாம்?

மாசிப் பட்டத்துக்கு வெண்டை, சீனியவரை, வெள்ளரி, பூசணி, பாகல், தண்டுக்கீரை. வயல் உள்ளவர்கள் பிசான நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே உளுந்தைத் தூவிவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே அது விளைந்துவிடும். கால்வாயில் தண்ணீரை நிறுத்தும் முன்பு தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். வெயில் ஏறியதும் மொட்டைமாடியில் மிதுக்கங்காய், சீனியவரைக்காய், சுண்டைக்காய் வத்தல் போட நல்ல காலம்.

காட்டுத் தளிரைப் பார்க்க எங்கே போவது?

பங்குனி உத்திரத்துக்கு உங்கள் சாஸ்தா கோவிலுக்குப் போங்கள். நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்குத் தனித்தனி சாஸ்தா உண்டு. பெரும்பாலும் குளத்தங்கரை, காட்டோரம், ஆற்றங்கரை. சாமி மரம் என்று யாரும் கோடாலி வைக்காததால் சில கோவில்களைச் சுற்றி இலுப்பை, மருதம், புளி, ஆல் எல்லாம் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. மற்ற நாளெல்லாம் ஆளில்லாத அந்தக் காட்டுக்கு, மரமெல்லாம் தளிர்விடுகிற அதே வாரத்தில் ஊரே பொங்கல் வைக்கப் போகிறது. அடுப்பை மட்டும் வெட்டவெளியில் மூட்டி, கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி அணையுங்கள்.

பெரிய காட்டைப் பார்க்க நினைத்தால் களக்காடு முண்டந்துறை. 1988-ல் அமைந்த இது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பாபநாசம் சோதனைச்சாவடி வழியாக அனுமதி உள்ள இடம் வரைதான் போகலாம். தீப்பிடிக்கும் காலத்தில் மலையேற்றம் அனுமதிக்கப்படாது. சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி மேலே பார்த்தாலே போதும். சரிவு முழுக்கச் செம்பு, இளஞ்சிவப்பு, எலுமிச்சைப் பச்சை என்று தளிர் நிறங்கள் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இலுப்பைப் பூவைப் பொறுக்க எந்த நேரத்தில் போக வேண்டும்?

“ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்பார்கள், அவ்வளவு தித்திப்பு. ராத்திரி மலர்ந்து விடியுமுன் உதிரும். வௌவால்கள் இரவு முழுக்க அந்த மரத்தில்தான் கிடக்கும். பூ வெளிர்மஞ்சளாக, சதைப்பற்றோடு இருக்கும். நன்றாக விடிந்த பிறகு, இரண்டு மூன்று பேராகப் போங்கள். மலையடிவார ஊர்களில் கரடிக்கும் இந்தப் பூ பிடிக்கும். இருட்டோடு தனியாகப் போவது ஆபத்து. பாதியைப் பொறுக்கினால் போதும், மீதி அவற்றுக்கு.

இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு நிமிர்ந்து ஆடுவதைப் பார்த்தோம். சாரையும் நல்லபாம்புமா?

இல்லை. சாரை வேறு இனம், நல்லபாம்பு வேறு இனம். ஒன்றுக்கொன்று ஜோடி சேராது. நீங்கள் பார்த்தது இரண்டு ஆண் சாரைகள் பெண்ணுக்காகப் பலம் பார்ப்பது. ஒன்றையொன்று தரையில் அழுத்தும், தோற்றது போய்விடும். சாரைக்கு விஷம் கிடையாது, வயல் எலியைத் தின்பது அதுதான். தள்ளி நின்று பாருங்கள். வீட்டுக்குள் வந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

பறவைக்குத் தண்ணீர் வைப்பது எப்படி?

அகலமான மண்சட்டி, இரண்டு விரல் ஆழம், உள்ளே ஒரு கல், மர நிழல். தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுப்புழு வரும்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு தோட்டம் மாறியதா?

மாறியது. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது எங்கள் தோட்டத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வேரில் தண்ணீர் நின்றால் தாங்காத பப்பாளியும் முருங்கையும் அழுகிவிட்டன. ஆச்சி வைத்த முருங்கை அது, குக்குறுவான் பொந்தும் அதில்தான் இருந்தது. புங்கையும் மருதமும் அசையவில்லை. அந்தப் பங்குனியில் ஒரு சாண் வண்டலுக்கு மேலே புங்கை வழக்கத்தைவிட அடர்த்தியாகத் தளிர்த்தது. புது முருங்கைப் போத்து ஒன்றை மேட்டில் நட்டிருக்கிறோம். கரையோரத்தில் தோட்டம் போடுகிறவர்கள் தாழ்ந்த பக்கம் புங்கை, மருதம், பூவரசு, மேட்டில் முருங்கை என்று பிரித்து நடுங்கள்.

இளவேனில் எப்போது முடிகிறது?

சித்திரை விசு அன்றைக்குக் கனி காணும் தட்டில் சரக்கொன்றை இருக்கும், மாங்காயும் வெள்ளரியும் இருக்கும், மதியச் சாப்பாட்டில் வேப்பம்பூ இருக்கும். பாபநாசத்தில் அன்றைக்குத் திருவிழா. அகத்தியருக்குச் சிவபெருமான் மணக்கோலத்தில் காட்சி கொடுத்த நாள் என்பது நம்பிக்கை. அதற்குள் முதலில் தளிர்த்த அரசு கரும்பச்சை ஆகியிருக்கும். வைகாசியில் வேம்பு காய் பிடிக்கும், நுங்கு வண்டி தெருவுக்கு வரும், குயிலின் குரல் கொஞ்சம் கரகரக்கும். பிறகு ஒரு நாள் மேற்கே பொதிகை மூடிக்கொண்டு, முகத்தில் சாரல் தெறிக்கும். அன்றைக்குச் சாயங்காலமே மண்வெட்டியோடு கார் போக நெல் நாற்றங்காலைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம்.